கல்யாண வீடியோவை எச்.டி.யிலிருந்து எஸ்.டி.க்கு இறக்குதல்

உங்களிடம் இருப்பது ஃபுல் எச்.டி.யில் எடுத்த கல்யாண வீடியோ. அதைப் பார்க்க எல்லோரையும்விட ஆசைப்படும் தாத்தா பாட்டி வீட்டில் இருப்பதோ டிவிடி பிளேயரும் பழைய குழாய் டி.வி.யும். இன்னொரு வீட்டில் பென் டிரைவ் செருகும் வசதியுள்ள பழைய எல்.இ.டி. டி.வி. இருக்கும், பெரிய ஃபைலைக் கொடுத்தால் அது திணறி நிற்கும். இந்த இரண்டு வீட்டுக்கும் ஏற்ற எஸ்.டி. பிரதியை நீங்களே தயாரிக்க இந்த அத்தியாயம் வழிசொல்லும்.

ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும். ஃபுல் எச்.டி. படத்தின் அகலம் 1920 பிக்சல், உயரம் 1080. இந்தியாவில் புழங்கும் பால் முறை எஸ்.டி.க்கு 720, 576. பெருக்கிப் பாருங்கள்: எஸ்.டி. என்பது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஆக, நுணுக்கம் குறையத்தான் செய்யும். ஆனால் நாம் பார்க்கும் மோசமான எஸ்.டி. பிரதிகளில் தெரியும் கோளாறுகள் எதுவும் இந்தக் கணக்கால் வந்தவை அல்ல. பல் பல்லாகக் கிழிந்த விளிம்பு, மினுமினுத்துத் துடிக்கும் ஜரிகை, நீண்டுபோன முகம், கட்டம் கட்டமாக உடையும் புகை ஆகிய எல்லாமே தவறான வரிசையிலோ தவறான முறையிலோ வேலை செய்ததால் வருபவை. எச்.டி.யின் ஐந்து பிக்சல் சேர்ந்து எஸ்.டி.யின் ஒரு பிக்சலாகும்போது மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் விழுந்த புள்ளிப் புள்ளியான இரைச்சலும் அடங்கிப்போகிறது. முறையாக இறக்கிய எஸ்.டி., எஸ்.டி. கேமராவிலேயே எடுத்ததைவிடத் துல்லியமாக இருக்கும்.

## தொடங்குமுன்

மூல ஃபைலைத் தொடாதீர்கள். கேமரா கார்டில் இருந்தோ ஸ்டுடியோ தந்த டிஸ்க்கில் இருந்தோ முதலில் ஒரு பிரதி எடுத்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கள். எஸ்.டி. தயாரானதும் "இனி எச்.டி. எதற்கு" என்று அழித்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அழித்த நான்கு பங்கு பிக்சலை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. எச்.டி. மூலம் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் இருக்கட்டும்; ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

இடமும் மின்சாரமும் அடுத்த கவலை. மூலத்தின் அளவைப் போல் மூன்று மடங்கு காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் வேலை மணிக்கணக்கில் ஓடும். பிராசஸர் முழு வேகத்தில் சுடும். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்தால் காற்றுப் போகும் வழி அடைபடும், மேசை மேல் வையுங்கள். மின்வெட்டு உள்ள ஊரானால் யு.பி.எஸ். இல்லாமல் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

மென்பொருள்களை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இங்கே நமக்குத் தேவைப்படுபவை: ஃபைலின் உள்விவரம் சொல்லும் மீடியாஇன்ஃபோ, மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக், டிவிடியாகக் கோக்கும் டிவிடிஸ்டைலர். மூன்றும் இலவசம். டிவிடிக்கான எம்பெக்-2 ஃபைல் எடுக்க அடோபி பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருள் கையில் இருந்தால் கட்டுப்பாடு அதிகம் கிடைக்கும்.

## மூலத்தை விசாரியுங்கள்

மீடியாஇன்ஃபோவில் ஃபைலைத் திறந்து ஐந்து விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இவற்றைப் பார்த்துத்தான்.

1. அகலம், உயரம். 1920க்கு 1080 என்றால் கேள்வியே இல்லை. 1440க்கு 1080 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், எச்.டி.வி. வகை கேமராக்கள் அப்படித்தான் பதியும். அதன் பிக்சல்கள் அகலமானவை, திரையில் 16:9 ஆகவே விரியும்.
2. காட்சி விகிதம். 16:9ஆ, 4:3ஆ.
3. ஸ்கேன் வகை. புரோகிரஸிவ் என்று இருக்கிறதா, இன்டர்லேஸ்டு அல்லது எம்பாஃப் என்று இருக்கிறதா.
4. நொடிக்கு எத்தனை ஃபிரேம். 25, 50, 29.97 எது? அருகில் "வேரியபிள்" என்று இருந்தால் அது பெரும்பாலும் செல்போன் பதிவு.
5. நிற அளவை. எச்.டி.யில் பெரும்பாலும் பி.டி. 709 என்று இருக்கும்.

## மாறக்கூடாத வரிசை

1. இன்டர்லேஸை அவிழ்த்தல் (தேவைப்பட்டால் மட்டும்)
2. நிறம், வெளிச்சம் சரிசெய்தல்
3. அளவைக் குறைத்தல்
4. மிக லேசாகக் கூர்மை ஏற்றுதல்
5. எழுத்துகள், தலைப்புகள் சேர்த்தல்
6. டிவிடியானால் மீண்டும் இன்டர்லேஸ் ஆக்குதல்
7. ஒரே ஒரு முறை சுருக்கி எழுதுதல்

கடைசி வரியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். எச்.டி.யை ஒரு மென்பொருளில் எம்பி4 ஆக்கி, அதை இன்னொன்றில் சிறியதாக்கி, அதையும் டிவிடி மென்பொருளிடம் கொடுத்து மறுபடி சுருக்கவைத்தால் மூன்று முறை தகவல் கழிகிறது. இடையில் ஃபைல் எடுத்தே ஆகவேண்டும் என்றால் அது புரோரெஸ், டி.என்.எக்ஸ்.எச்.ஆர். போன்ற தடித்த வகையாகவோ எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பில்லா வகையாகவோ இருக்கட்டும். டிஸ்க்கில் இடம் பிடிக்கும்; வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

## இன்டர்லேஸ் அவிழ்ப்பது

பழைய ஹேண்டிகேம்களும் பல ஸ்டுடியோ கேமராக்களும் 1080ஐ முறையில் பதிந்தவை. அதில் ஒரு ஃபிரேம் என்பது இரண்டு ஃபீல்டுகள்: ஒற்றைப்படை வரிகள் 540, இரட்டைப்படை வரிகள் 540. இரண்டுக்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேர வித்தியாசம் உண்டு. மாப்பிள்ளை மாலையைத் தூக்கிக் கழுத்தில் போடும் அந்த அசைவில், முதல் ஃபீல்டில் கை ஓரிடத்திலும் அடுத்ததில் நாலு விரல் தள்ளியும் இருக்கும்.

இதை அப்படியே 1080 வரியிலிருந்து 576 வரிக்குச் சுருக்கினால் இரு நேரத்து வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கையின் விளிம்பு சீப்புப் பல் போலக் கிழியும். ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: இன்டர்லேஸ் ஆன படத்தின் உயரத்தை, அவிழ்க்காமல் மாற்றவே கூடாது.

அவிழ்ப்பதிலும் இரண்டு தினுசு உண்டு. சாதாரண முறையில் நொடிக்கு 25 ஃபிரேம் கிடைக்கும். அசைவின் வழுவழுப்பில் பாதி போய்விடும். 'பாப்' என்ற முறையில் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழு ஃபிரேமாகி நொடிக்கு 50 கிடைக்கும். அசைவு அத்தனையும் தப்பிக்கும். நான் எப்போதும் பாப் முறையையே சொல்வேன். ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதிக்குள் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் பி.டபிள்யூ.டிஃப் அல்லது யாடிஃபைத் தேர்ந்து, அதன் பிரீசெட்டில் பாப் வையுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட்டை 50, கான்ஸ்டன்ட் என்று குறியுங்கள்.

குறிப்பு: மூலம் புரோகிரஸிவ் என்றால் இந்த ஃபில்டரை அணைத்தே வையுங்கள். தேவையில்லாத இடத்தில் போட்டால் நல்ல வரிகளையும் மழுங்கடித்துவிடும்.

## அளவும் வடிவமும்

எஸ்.டி.யில் பிக்சல் சதுரம் இல்லை. 720க்கு 576 என்பதை அப்படியே பார்த்தால் 16:9ஆகவும் வராது, 4:3ஆகவும் வராது. 16:9 டிவிடியில் பிக்சல் அகலவாக்கில் இழுபட்டு, திரையில் 1024க்கு 576 அளவுக்கு விரிகிறது. 4:3 டிவிடியில் 768க்கு 576. எனவே:

- டிவிடிக்கு: 720க்கு 576, காட்சி விகிதம் 16:9 என்று கட்டாயம் குறிக்க வேண்டும்.
- பென் டிரைவுக்கும் செல்போனுக்கும்: சதுரப் பிக்சலில் 1024க்கு 576. 1920க்கு 1080இன் விகிதம் இதில் துல்லியமாகப் பொருந்தும். ஒரு வரியும் வெட்டுப்படாது.

ஹேண்ட்பிரேக்கில் ஒரு பொறி இருக்கிறது. டைமென்ஷன்ஸ் பகுதியில் "576பி பால் எஸ்.டி." என்ற எல்லையைத் தேர்ந்தால் அகலம் 720ஐத் தாண்டாது. சதுரப் பிக்சலில் 16:9 காப்பாற்ற வேண்டுமே என்று அது உயரத்தை 404 அளவுக்குக் குறைத்துவிடும். 576 வரி கிடைக்க வேண்டிய இடத்தில் 170 வரிக்கு மேல் சும்மா போகிறது. எல்லையை 'கஸ்டம்' ஆக்கி 1024, 576 என்று கையால் எழுதுங்கள். அனமார்ஃபிக் என்ற இடத்தில் 'நன்' இருக்கட்டும். கிராப்பிங்கையும் 'நன்' ஆக்குங்கள். இருட்டான காட்சியைக் கறுப்புப் பட்டை என்று எண்ணித் தானே ஓரத்தை வெட்டிவிடும் வாய்ப்பு உண்டு.

வடிவம் சரியா என்று பார்க்க அளவுகோல் வேண்டாம். ஆரத்தித் தட்டு நேராகத் தெரியும் ஒரு காட்சியை நிறுத்திப் பாருங்கள். தட்டு வட்டமாக இருக்க வேண்டும்.

## ஜரிகையும் கோலமும்

பட்டுப்புடவைப் பார்டரில் மயிரிழை போன்ற கோடுகள் நெருக்கி ஓடும். எச்.டி.யில் ஒரு கோடு இரண்டு பிக்சல், இடைவெளி இரண்டு பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியாகச் சுருங்கும்போது ஒன்றுக்கு ஒன்று ஆகும். மட்டமான முறையில் சுருக்கினால் சில கோடுகள் அப்படியே விட்டுப்போய், சில தடித்து, கேமரா துளி நகர்ந்தாலும் இல்லாத வளைவுகள் பார்டர் மேல் ஓடும். மணப்பெண் தலையைத் திருப்பினால் புடவை கொதிப்பது போலத் தெரிவது இதனால்தான். மண்டப வாசல் கோலத்திலும், சட்டைக் கட்டங்களிலும், இரும்புக் கிராதியிலும் இதே தொல்லை.

தீர்வு சுருக்கும் கணக்குமுறையில் இருக்கிறது. 'நியரஸ்ட் நெய்பர்' வேண்டவே வேண்டாம். 'பைலீனியர்' அவசரத்துக்கு. 'பைக்யூபிக்', 'லான்ஸோஸ்' இரண்டும் சுற்றியுள்ள பல பிக்சல்களை எடைபோட்டுக் கணக்கிடுபவை. இவற்றில் ஒன்றைத் தேருங்கள். லான்ஸோஸ் கூடுதல் கூர்மை தரும், ஆனால் கறுப்பு வெள்ளை சந்திக்கும் விளிம்பில் மெல்லிய ஒளிவளையம் விடக்கூடும். வெள்ளை வேட்டியும் சந்தன நிறச் சுவருமாக இருக்கும் நம் கல்யாணக் காட்சிகளுக்குப் பைக்யூபிக் சாந்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

எங்கே தேர்வது? ஹேண்ட்பிரேக் தானே நல்ல முறையைத்தான் பயன்படுத்துகிறது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளில் இன்டர்போலேஷன் என்ற தேர்வு இருக்கிறது. பிரீமியரில் எக்ஸ்போர்ட் பெட்டியின் அடியில் "யூஸ் மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டி" என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு உதவியில்லாமல் ஓடும் கணினியில் இந்த ஒரு டிக் இல்லாததாலேயே புடவை கொதிக்கும்.

குழாய் டி.வி.க்குப் போகும் பிரதிக்கு இன்னொரு கவனிப்பு உண்டு. இன்டர்லேஸ் திரையில் ஒரே ஒரு வரி உயரமுள்ள கிடைக்கோடு ஒரு ஃபீல்டில் மட்டுமே இருக்கும், நொடிக்கு 25 முறை தோன்றி மறையும், கண் வலிக்கும். அதனால் மேல்கீழ் வாக்கில் மட்டும் ஒரு துளி மங்கல் கொடுப்பது நல்லது. சில மென்பொருளில் இதற்கு 'ஆன்டி-ஃபிளிக்கர்' என்று பெயர். எல்.இ.டி. டி.வி.க்கு மட்டும் போகிற பிரதிக்கு இது தேவையில்லை.

கூர்மை ஏற்றுவதை எப்போதும் சுருக்கிய பிறகு, அதுவும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் செய்யுங்கள். இரைச்சல் நீக்கும் ஃபில்டரை எடுத்தவுடன் போடாதீர்கள். சுருக்கும்போதே பெரும்பகுதி அடங்கிவிடும். மீதி தொந்தரவு செய்தால் மட்டும் லேசாகப் போடலாம். அதிகமானால் முகங்கள் மெழுகாகிவிடும்.

## நிறம்

எச்.டி. நிறத்தைக் கணக்கிடும் முறை பி.டி. 709, எஸ்.டி.யின் முறை பி.டி. 601. ஒளிர்வில் பச்சையின் பங்கு முன்னதில் சுமார் 72 சதவீதம், பின்னதில் சுமார் 59 சதவீதம். ஒன்றை மற்றொன்று என்று எண்ணி டி.வி. காட்டினால் குங்குமச் சிவப்பும் வாழையிலைப் பச்சையும் லேசாக இடம் மாறும். தனியாகப் பார்த்தால் பிடிபடாது, எச்.டி.யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

டிவிடிக்குப் போகும் படம் 601க்கு மாறியிருக்க வேண்டும். நல்ல எடிட்டிங் மென்பொருள் தானே மாற்றும். மாற்றியதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பென் டிரைவ் ஃபைலில் 709 என்ற குறிப்பு ஃபைலுக்குள்ளேயே போய்விடுவதால் பெரும்பாலும் சிக்கல் வராது.

வெளிச்ச எல்லையையும் கவனியுங்கள். டி.வி. கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. சில செல்போன்கள் 0 முதல் 255 வரை பதிகின்றன. இரண்டையும் குழப்பினால், மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் மடிப்பே தெரியாமல் போகும், அல்லது படம் முழுக்க வெளுத்துப் பால் தெளித்தாற்போல் நிற்கும்.

## எழுத்துகள்

எச்.டி.யில் போட்ட தலைப்பைப் படத்தோடு சேர்த்துச் சுருக்கினால் தமிழ் எழுத்துதான் முதலில் அடிபடும். ண, ன, ஞ, ணி, ழி போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு ஒன்றுபோல் தெரியும். தலைப்பில்லாத எச்.டி. பதிப்பை எடுத்து, சுருக்கிய பிறகு எஸ்.டி. அளவிலேயே எழுத்தைப் புதிதாகப் போடுங்கள்.

- எல்லாக் கோடும் ஒரே பருமனாக உள்ள தடித்த எழுத்துரு எடுங்கள். மெல்லிய கோடும் தடித்த கோடும் கலந்த அலங்கார எழுத்துரு துடிக்கும்.
- கோட்டின் பருமன் குறைந்தது மூன்று பிக்சல்.
- குழாய் டி.வி. ஓரங்களை விழுங்கும். எழுத்து நடுவில் உள்ள 80 சதவீதப் பரப்புக்குள் இருக்கட்டும்.
- சுத்தச் சிவப்பில் எழுதாதீர்கள், எஸ்.டி.யில் நிறத் தகவல் குறைவு என்பதால் ஓரம் கசியும்.

## செல்போன் பதிவும் 30 ஃபிரேமும்

செல்போனில் எடுத்தது பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம். அதுவும் சீராக இல்லாமல் கூடிக்குறையும். பால் டிவிடிக்கு 25 வேண்டும். ஆறு ஃபிரேமில் ஒன்றைத் தூக்கி எறிந்தால் கேமரா பக்கவாட்டில் திரும்பும் இடமெல்லாம் படம் தட்டித் தட்டிப் போகும். இரண்டு ஃபிரேமைக் கலந்தால் பேய் நிழல் தெரியும்.

பதிவு முழுக்கவே செல்போன் என்றால் என்.டி.எஸ்.சி. டிவிடியாக எடுத்துவிடுங்கள்: 720க்கு 480, நொடிக்கு 29.97. நம் ஊர் டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டு முறையையும் ஓட்டும். வரி கொஞ்சம் குறைந்தாலும் அசைவு சீராக இருக்கும். பார்ப்பவரை முதலில் உறுத்துவது அசைவுதான். கேமரா பதிவோடு நடுநடுவே கொஞ்சம் செல்போன் காட்சி என்றால் 25க்கே மாற்றி, அசைவு குறைந்த காட்சிகளை மட்டும் எடுங்கள். எப்படியானாலும் முதலில் ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' போட்டு வேகத்தைச் சீராக்குங்கள். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் போகப்போக நாதஸ்வரம் ஒரு பக்கம், வாசிப்பவர் விரல் ஒரு பக்கம் என்று விலகும்.

## முதல் வழி: பென் டிரைவுக்கு

1. ஹேண்ட்பிரேக்கில் எச்.டி. மூலத்தைத் திறங்கள். ஃபார்மட் எம்பி4.
2. டைமென்ஷன்ஸில் 1024, 576 எழுதுங்கள். மேலே சொன்னபடி கிராப்பிங்கை நிறுத்துங்கள்.
3. இன்டர்லேஸ் மூலமானால் பாப். புரோகிரஸிவானால் ஒன்றும் வேண்டாம்.
4. வீடியோ பகுதியில் எச்.264 (எக்ஸ்264). கான்ஸ்டன்ட் குவாலிட்டியில் ஆர்.எஃப். 18 முதல் 20 வரை. எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். எச்.டி.க்கு 22 போதும் என்ற பழக்கத்தில் இங்கேயும் 22 வைக்காதீர்கள். சிறிய படம் டி.வி.யில் பெரிதாக விரியும்போது குறை தெரியும்.
5. என்கோடர் பிரீசெட்டை 'ஸ்லோ' ஆக்குங்கள். நேரம் கூடும், அதே அளவில் படம் தேறும்.
6. ஆடியோ ஏ.ஏ.சி., ஸ்டீரியோ, 192.
7. பழைய டி.வி.க்கான பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. ரிசப்ஷன், முகூர்த்தம், நலங்கு என்று தனித்தனி ஃபைலாகப் பிரித்தால் தேடிப் பார்க்கவும் சுலபம்.

மிகப் பழைய டிவிடி பிளேயரில் யு.எஸ்.பி. துளை இருக்கலாம், ஆனால் பல மாடல்கள் டிவ்எக்ஸ் வகை ஏ.வி.ஐ. ஃபைலை மட்டுமே ஓட்டும். பெட்டியின் முன்புறத்தில் உள்ள முத்திரைகளைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

## இரண்டாம் வழி: டிவிடிக்கு

ஒரு பக்க, ஒரு அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜி.பி. இதிலிருந்து பிட்ரேட்டைக் கணக்கிட எளிய வழி: 600ஐ மொத்த நிமிடங்களால் வகுங்கள்; ஒலிக்காக 0.25 கழியுங்கள். வருவது வீடியோவுக்கான மெகாபிட்.

- 90 நிமிடம்: 600 ÷ 90 = 6.67, கழித்தால் சுமார் 6.4. மிக நன்று.
- 120 நிமிடம்: 5 கழித்தல் 0.25, சுமார் 4.7. பரவாயில்லை.
- 180 நிமிடம்: சுமார் 3. ஹோமப் புகை கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்க் ஆக்குங்கள்.

60 நிமிடத்துக்குக் கணக்கு 10, கழித்தால் 9.75 காட்டும். டிவிடி வீடியோவின் உச்சவரம்பு 9.8. நாமே எழுதும் டிஸ்க்கைப் பழைய பிளேயர்கள் தடுமாறித்தான் படிக்கும் என்பதால் 8ஐத் தாண்ட வேண்டாம்.

1. இன்டர்லேஸ் மூலமானால், ஹேண்ட்பிரேக்கில் அளவை மாற்றாமல் பாப் மட்டும் போட்டு, ஆர்.எஃப். 10இல் 50 ஃபிரேம் ஃபைல் எடுங்கள். இது இடைநிலை ஃபைல். முன்பு சொன்ன தடித்த வகை இல்லாவிட்டாலும், ஆர்.எஃப். இவ்வளவு குறைவாக இருப்பதால் ஃபைல் பெரிதாக இருக்கும், இழப்பு கண்ணுக்குத் தெரியாது.
2. பிரீமியரில் எக்ஸ்போர்ட் வகையாக 'எம்பெக்2-டிவிடி', 'பால் வைட்ஸ்கிரீன்' தேர்ந்தெடுங்கள்.
3. ஃபீல்டு வரிசை 'அப்பர் ஃபர்ஸ்ட்'. மூலம் 25 புரோகிரஸிவ் என்றால் இங்கேயும் புரோகிரஸிவ்.
4. பிட்ரேட் 'வி.பி.ஆர்., 2 பாஸ்'. இலக்கு நீங்கள் கணக்கிட்டது, உச்சம் 8. முதல் சுற்றில் எந்தக் காட்சி கடினம் என்று அளந்து, இரண்டாம் சுற்றில் அதற்கு அதிகம் ஒதுக்கும்.
5. மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டி டிக்.
6. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். டால்பி டிஜிட்டல் என்ற தேர்வு உங்கள் பதிப்பில் இருந்தால் 192 அல்லது 224.
7. கிடைத்த ஃபைலை டிவிடிஸ்டைலரில் இழுத்துப் போட்டு, அதன் பண்புகளில் வீடியோ ஃபார்மட் 'காப்பி' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது மறுபடி ஒருமுறை சுருக்கும்.

பிரீமியர் இல்லாதவர்கள் எச்.டி. மூலத்தையே நேராக டிவிடிஸ்டைலரிடம் கொடுக்கலாம். அதுவே எம்பெக்-2 ஆக்கும். நடுவில் எம்பி4 எஸ்.டி. எடுத்துக் கொடுப்பதைவிட இது மேல்.

## சோதனைத் துண்டு

மூன்று மணி நேரப் படத்தை முழுக்க ஓட்டிவிட்டுப் பிழை கண்டுபிடிக்காதீர்கள். மூலத்திலிருந்து கடினமான நாலு இடங்களை எடுத்து இரண்டு நிமிடத் துண்டாக்கி, அதை முதலில் மாற்றுங்கள். எந்த இடங்கள்?

கெட்டிமேளம் கொட்டி அட்சதை தூவும் நேரம் கட்டாயம் வேண்டும். நூற்றுக்கணக்கான அரிசி மணிகள் ஒரே சமயத்தில் ஒவ்வொன்றும் ஒரு திசையில் பறக்கின்றன. அதே நொடியில் போட்டோகிராஃபர்களின் ஃபிளாஷ்கள் வெட்டுகின்றன. ஃபிளாஷ் வெட்டும்போது முழு ஃபிரேமும் வெள்ளையாகி அடுத்ததில் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டு மிச்சம்பிடிக்கும் எம்பெக் முறைக்கு ஒப்பிட ஒன்றுமே இல்லாமல் போகிறது. வீடியோ முழுவதிலும் மிகக் கடினமான சில நொடிகள் இவை. பார்ப்பவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் இதே நொடிகளைத்தான். இங்கே தாலி கட்டும் கை கட்டங்களாக உடையவில்லை என்றால் மீதிப் படம் தேறிவிடும். கூடவே ஹோமப் புகை, புடவைப் பார்டர் க்ளோசப், ஊர்வலத்தில் குறுக்கே நடப்பவர்கள் ஆகியவற்றையும் சேருங்கள்.

துண்டை எந்த டி.வி.யில் பார்க்கப் போகிறார்களோ அதே வகை டி.வி.யில் பாருங்கள். கணினித் திரை இன்டர்லேஸ் கோளாறை மறைத்துவிடும். பார்க்க வேண்டியவை:

- குறுக்கே நடப்பவர் முன்னும் பின்னும் துடிக்கிறாரா? ஃபீல்டு வரிசை தலைகீழ். 'அப்பர்', 'லோயர்' மாற்றி எடுங்கள்.
- நிறுத்திப் பார்க்காமலே விளிம்பு கிழிகிறதா? அவிழ்க்காமல் சுருக்கியிருக்கிறீர்கள். முதலிலிருந்து.
- ஆட்கள் ஒல்லியாக நீண்டிருக்கிறார்களா? 16:9 குறிப்பு விடுபட்டிருக்கும், அல்லது பிளேயரின் செட்டிங்கில் டி.வி. வகை தவறு. முதலில் பிளேயரைப் பாருங்கள்.
- கோட்டில் மடிப்பு தெரியவில்லையா? வெளிச்ச எல்லை.

## டிஸ்க் எழுதுதல்

டிஸ்க்கின் மேல் 16எக்ஸ் என்று போட்டிருந்தாலும் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். பழைய பிளேயர்கள் அதைச் சிரமமில்லாமல் படிக்கும். எழுதும்போது கணினியில் வேறு வேலை வேண்டாம். 'வெரிஃபை' வசதியைக் கட்டாயம் போடுங்கள், 'ஃபைனலைஸ்' ஆகிறதா என்று பாருங்கள். ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க் உங்கள் கணினியில் ஓடும், ஊரில் ஓடாது.

மணமக்கள் படம் அச்சிட்ட காகித ஸ்டிக்கரை டிஸ்க் மேல் ஒட்டாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும்போது அதிரும். வெயில் காலத்தில் ஓரம் பெயர்ந்து பிளேயருக்குள் சிக்கும். எழுத வேண்டுமானால் டிஸ்க்குக்கென்று விற்கும் மென்முனை மார்க்கரால் நடு வளையத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு பிரதியிலும் இரண்டு எழுதி, ஒன்றை உறையிலிட்டு நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.